ஒரு வாழ்வு, ஆறு ஆக்கங்கள்: ஆஸ்கர் மிஷோவின் புதினங்களும் திரைப்படங்களும்

முன்னுரை

புதினம் திரைப்படமாவது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன. மூலநூலுக்குப் படம் எவ்வளவு நேர்மையாக உள்ளது என்பதே அவ்வினா. நூலை எழுதியவர் ஒருவர், படத்தை இயக்கியவர் மற்றொருவர், பணம் இட்டவர் வேறொருவர் என்னும் நிலையில் இவ்வினா பொருத்தமுடையதே. எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர், படச்சுருளைச் சுமந்துசென்று திரையரங்குகளுக்கு விற்றவர் ஆகிய அனைவரும் ஒருவரேயாக இருந்தால் இவ்வினா பொருளற்றதாகிவிடுகிறது. தன் கதையைத் தன் விருப்பப்படி சொல்லும் உரிமை முழுமையாகக் கிடைத்த ஒருவர் அதனை எவ்வாறு சொன்னார் என்பதே அங்கு எழும் வினா.

அமெரிக்கக் கறுப்பினத் திரைப்பட வரலாற்றின் முதல் பெரும் ஆளுமையாகிய ஆஸ்கர் மிஷோ (1884–1951) அத்தகையவர். 1919 முதல் 1948 வரை ஏறத்தாழ நாற்பது படங்களை ஆலிவுட்டுக்கு வெளியே நின்று உருவாக்கினார். ஏழு புதினங்களும் எழுதினார். தம் இளமைக்கால வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் மூன்று புதினங்களாகவும் மூன்று படங்களாகவும் ஆறு முறை ஆக்கினார். அவ்வாறு ஆக்குந்தோறும் ஒரு முடிச்சை மட்டும் மாற்றி அவிழ்த்தார். அம்முடிச்சையும் அது மாறியதன் காரணத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வு என்னும் மூலபாடம்

மிஷோ இல்லினாய் மாநிலத்தின் மெட்ரோபொலிஸ் என்னும் ஊருக்கருகே 1884ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தை கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். பதின்பருவத்தின் இறுதியில் சிகாகோ சென்ற மிஷோ காலணி துடைத்தல் முதலிய வேலைகளைச் செய்தார். பின்னர்த் தொடர்வண்டியின் புல்மன் பெட்டிகளில் பணியாளரானார். அக்காலத்தில் கறுப்பின இளைஞர் நாடு முழுவதையும் காண்பதற்கு வாய்ப்பளித்த வேலைகளுள் இது ஒன்று. சேமித்த பணத்தைக் கொண்டு 1905 அளவில் தெற்கு டகோட்டாவின் கிரிகரி வட்டாரத்தில் நிலம் வாங்கினார். சுற்றிலும் வெள்ளையர் குடியிருக்க, அவர்களுக்கிடையே தனியொரு கறுப்பின உழவராக நிலத்தைத் திருத்தினார்.

அங்கு நிகழ்ந்தவையே பிற்காலத்தில் ஆறு ஆக்கங்களுக்கும் கருவாயின. அவர் எழுத்தின்வழி நாம் அறிவது இது: அண்டை நிலத்து ஸ்காட்டிய வெள்ளையினப் பெண்ணொருத்தியின்மீது அவருக்குக் காதல் அரும்பியது; இன எல்லையைக் கடக்க மனமின்றி அதனைத் துறந்தார். 1910இல் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினப் போதகர் ஒருவரின் மகளை மணந்தார். குழந்தை இறந்தே பிறந்தது. மனைவி தந்தையுடன் சிகாகோ திரும்பினாள். தொடர்ந்து வந்த வறட்சியில் நிலமும் கைவிட்டுப் போயிற்று. நிலம், மனைவி, காதல் மூன்றையும் இழந்த நிலையில் அவர் எழுதுகோலை எடுத்தார்.

முதல் ஆக்கம்: ‘தி கான்குவெஸ்ட்’ (1913)

‘வெற்றி’ என்று பொருள்படும் இந்நூல் ஆசிரியர் பெயரின்றி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் வெளியாயிற்று. புக்கர் டி. வாஷிங்டனுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. தலைவனின் பெயர் ஆஸ்கர் டெவரோ. முன்பெயரை மாற்றாமல் குடும்பப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட இச்செயலே தன்வரலாற்றுக்கும் புனைவுக்கும் இடையே நூல் நிற்குமிடத்தைக் காட்டிவிடுகிறது. உழுத நிலத்தின் அளவு, வாங்கிய குதிரைகளின் குறைபாடு, புதிய தொடர்வண்டிப் பாதை எவ்வூர் வழியே வரும் என்று ஊர்கள் போட்டியிட்ட வரலாறு ஆகியவை கணக்கேட்டின் நுட்பத்துடன் இடம்பெறுகின்றன.

காதற்பகுதியில் எந்தத் திருப்பமும் இல்லை. டெவரோ ஸ்காட்டியப் பெண்ணை விரும்புகிறான். நாட்டின் வழக்கத்தையும் தன் இனத்தின்மீது கொண்ட பற்றையும் எண்ணி விலகுகிறான். தன் இனத்துப் பெண்ணைத் தேடி மணக்கிறான், அம்மணமும் முறிகிறது. நூலின் தலைப்பு வெற்றியைக் குறிக்க, கதை இழப்பில் முடிகிறது. ஆறு ஆக்கங்களுள் வாழ்வுக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே.

இரண்டாவது ஆக்கமும் முடிச்சின் மாற்றமும்

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘தி ஹோம்ஸ்டெடர்’ (புதுநிலக் குடியேறி, 1917) அதே கதையைப் படர்க்கையில் சொல்கிறது. தலைவன் ஷான் பாப்டிஸ்ட். காதலியின் பெயர் ஆக்னஸ் ஸ்டூவர்ட். போதகரான மாமனார் இப்புதினத்தில் முழுமையான தீயவராக வளர்கிறார். இறுதியில் மனைவி தன் தந்தையைக் கொன்று தானும் மாய்கிறாள். வெள்ளையள் என்று அனைவரும் எண்ணியிருந்த ஆக்னஸ் உண்மையில் கறுப்பினக் குருதி உடையவள் என்பது அதன்பின் வெளிப்படுகிறது. தடை நீங்குகிறது, காதலர் இணைகின்றனர்.

மறைந்திருந்த பிறப்பு வெளிப்பட்டு முடிச்சு அவிழ்வது கதைக்கலையில் மிகத் தொன்மையான உத்தி. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இதனை அடையாளங் காணல் என்ற கூறாக வகைப்படுத்தி ஆராய்ந்துள்ளார். மிஷோ இவ்வுத்தியைப் பயன்படுத்திய இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. 1913இல் தலைவன் இன எல்லையின் முன் நின்று திரும்பினான். 1917இல் அவன் அவ்வெல்லையைக் கடக்கவில்லை. எல்லையே இல்லாததுபோல் ஆக்கப்படுகிறது. காதல் வெல்கிறது. ஆயினும் காதலரைப் பிரித்த சட்டமும் வழக்கமும் எதிர்க்கப்படாமலேயே நிற்கின்றன. ஆக்னஸ் உண்மையிலேயே வெள்ளையளாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவைக் கதை எழுப்பி, விடையளிக்காமல் விட்டுவிடுகிறது. பின்வந்த ஆக்கங்கள் இத்திருத்தத்தைக் கைவிடவில்லை.

மூன்றாவது ஆக்கம்: திரைக்கு வந்த எழுத்தாளர்

தாம் எழுதிய நூல்களை மிஷோ வீடுவீடாகச் சென்று தாமே விற்றார். ‘தி ஹோம்ஸ்டெடர்’ புதினத்தைக் கண்ட லிங்கன் திரைப்பட நிறுவனத்தின் ஜார்ஜ் பி. ஜான்சன் 1918இல் அதனைப் படமாக்க விரும்பினார். அதுவும் கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனமே. தம் கதை உருவாகுமிடத்தில் தாமும் இருந்து மேற்பார்வையிட வேண்டும் என்று மிஷோ கேட்டார், பேச்சு முறிந்தது. திரைப்படத்தில் எவ்விதப் பட்டறிவும் இல்லாத அவர் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நூல் விற்ற வழியிலேயே பங்குகளையும் விற்றார்; வாங்கியோருள் ஐயோவாவின் சூ நகரைச் சூழ்ந்த வெள்ளையின உழவர்களும் இருந்தனர். எட்டுச் சுருள் கொண்ட அம்மௌனப்படம் 1919 பிப்ரவரியில் சிகாகோவில் திரையிடப்பட்டது. போதகரைத் தீயவராகக் காட்டியதற்குச் சமயத் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அப்படம் இன்று கிடைக்கவில்லை.

தம் கதையின்மீது பிறர் கைவைப்பதை ஏற்காமையே மிஷோவைத் தயாரிப்பாளராக்கியது. அவருடைய திரைப்பணியின் வேர் எழுத்தாளனின் உரிமைவேட்கையில் உள்ளது எனலாம். இவ்வுரிமைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. சில நாள்களில் படப்பிடிப்பை முடித்தல், கடன்பெற்ற வீடுகளில் காட்சிகளை எடுத்தல், முதல்முறை எடுத்த காட்சியையே ஏற்றல் என்பன அவர் முறைகளாயின. படச்சுருளுடன் ஊர் ஊராகச் சென்று திரையரங்கு உரிமையாளரிடம் முன்பணம் பெற்று அடுத்த படத்தைத் தொடங்குவது வழக்கமாயிற்று.

அதே உத்தி, எதிர்ப்பயன்: ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920)

ஆறு ஆக்கங்களின் தொடரில் சேராத ஒரு படத்தை இவ்விடத்தில் ஒப்பிடுவது இன்றியமையாதது. ‘நம் வாயில்களுக்குள்ளே’ என்று பொருள்படும் இம்மௌனப்படம் 1920 சனவரியில் சிகாகோவில் வெளியாயிற்று. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, 1919 சூலையில், அந்நகரில் நிகழ்ந்த இனக்கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். படம் மீண்டும் கலவரத்தைத் தூண்டும் என்று அஞ்சிய தணிக்கையினர் முதலில் அனுமதி மறுத்தனர். டி. டபிள்யூ. கிரிஃபித் 1915இல் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ கறுப்பின ஆடவனை வெள்ளையினப் பெண்ணைச் சூறையாட வருபவனாகக் காட்டி, கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தை மீட்பராகப் போற்றியது. மிஷோவின் படம் அதற்கு மறுமொழியாக அறிஞர்களால் கொள்ளப்படுகிறது.

தெற்கில் கறுப்பினச் சிறார்க்கான பள்ளிக்கு நிதி திரட்ட பாஸ்டன் செல்லும் ஆசிரியை சில்வியா லாண்ட்ரி இதன் தலைவி. இறுதிப்பகுதியில் அவள் கடந்தகாலம் விரிகிறது. அவளை வளர்த்த லாண்ட்ரி குத்தகை உழவர். சில்வியா எழுதித்தந்த கணக்குடன் அவர் நிலவுடைமையாளன் கிரிடில்ஸ்டோனிடம் செல்கிறார். அவ்வேளையில் சாளரத்துக்கு வெளியிலிருந்து ஏழை வெள்ளையன் ஒருவன் அந்நிலவுடைமையாளனைச் சுட்டுவிடுகிறான். பழி லாண்ட்ரியின்மீது விழுகிறது. வெறிக்கூட்டம் கணவனையும் மனைவியையும் தூக்கிலிட்டு எரிக்கிறது. அதே நேரத்தில் இறந்தவனின் உடன்பிறந்தான் ஆர்னல்டு சில்வியாவைத் தாக்க முற்படுகிறான். தூக்கும் தாக்குதலும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. கிரிஃபித்தின் கையில் கிளானின் புகழ்பாடிய அதே வெட்டிணைப்பு முறை கிளானின் தரப்புக்கு எதிராகவே இங்குத் திரும்புகிறது. போராட்டத்தில் அவள் மார்பிலிருந்த தழும்பு ஆர்னல்டின் கண்ணில் படுகிறது. தான் சிதைக்க முயன்றவள் தன் மகளே என்பதை அவன் உணர்கிறான்.

தழும்பால் அடையாளங் காணுதல் ஹோமரின் ஒடிசி முதல் வழங்கும் உத்தி. மிஷோவின் தன்கதையில் மறைந்த பிறப்பு வெளிப்பட்டால் காதலர்க்கு மணம் வாய்க்கிறது. இப்படத்தில் மறைந்த பிறப்பு வெளிப்பட்டால் வெள்ளையினத் தந்தையின் குற்றம் வெளியாகிறது. ஆக்னஸின் குருதி அவள் வீட்டின் மறைபொருள் மட்டுமே. சில்வியாவின் குருதியோ ஒரு சமூகத்தின் மறைபொருள்: இனக்கலப்பை அஞ்சுவதாகக் கூறிக்கொண்டு கொலைபுரிந்த கூட்டமே அக்கலப்பை நிகழ்த்தியது என்பதற்கு அவள் உடல் சான்றாகிறது. ஓர் ஆசிரியரின் கையில் ஒரே உத்தி ஓரிடத்தில் ஆறுதல் அளிப்பதாகவும் மற்றோரிடத்தில் குற்றஞ்சாட்டுவதாகவும் இயங்குவது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

பாடம் பற்றிய ஒரு குறிப்பு ஈண்டு வேண்டும். இப்படம் பல்லாண்டுகள் அழிந்ததாகவே கருதப்பட்டது. ஸ்பெயின் நாட்டுத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு படி கண்டறியப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் 1993இல் மீட்டமைக்கப்பட்டது. காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டன. சில்வியா முறையான மணத்தில் பிறந்தவள் என்று கிடைக்கும் படி சொல்கிறது. இச்சொற்கள் வேற்றுமொழிப் படியின் வழியாக வந்தவை. ஆதலின் ஆசிரியர் கூற்றாக அவற்றின்மீது பெரும் முடிவைக் கட்டலாகாது. காட்சியின் அமைப்பு அத்தகைய ஐயத்துக்கு உட்பட்டதன்று. மிஷோவின் மௌனப்படங்களுள் இதுவும், பெல்ஜியத்தில் கிடைத்த ‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’ (1920) படமும், பால் ராப்சன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய ‘பாடி அண்ட் சோல்’ (1925) படமும் ஆகிய மூன்றே எஞ்சியுள்ளன.

நான்காவது ஆக்கம்: ‘தி எக்ஸைல்’ (1931)

1928இல் மிஷோ நொடித்துப்போனார். ஹார்லெம் திரையரங்கு உரிமையாளர்களின் பணத்தைக் கொண்டு மீண்டும் தொழிலைத் தொடங்கிய அவர், முழுநீளப் பேசும்படம் எடுக்க முனைந்தபோது தம் பழைய கதையையே தேர்ந்தார். ‘தி எக்ஸைல்’ (நாடு நீங்கியவன்) படத்தில் போதகர் இல்லை. சிகாகோ மாளிகை ஒன்றைக் கேளிக்கைக் கூடமாக்கும் ஈடித் என்பவள் மனைவியின் இடத்தைப் பெறுகிறாள். அவளை விட்டு டகோட்டா செல்லும் பாப்டிஸ்ட் அங்கு ஆக்னஸைக் காதலிக்கிறான். அவள் வெள்ளையள் என்றெண்ணிச் சிகாகோ திரும்புகிறான். ஈடித் கொலையுறுகிறாள். அவன் சிறைப்பட்டு மீள்கிறான். ஆக்னஸின் தாய்வழிப் பிறப்பு வெளிப்படுகிறது.

ஆலிவுட் நிறுவனங்கள் 1930இல் ஏற்றுக்கொண்ட தயாரிப்பு நெறிமுறை வெள்ளையர்–கறுப்பர் காதலைக் காட்டுவதைத் தடைசெய்தது. பல மாநிலங்களில் கலப்புமணம் குற்றமாகவே இருந்தது. 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை நீக்கியது. இவ்வுண்மைகளை நோக்கின் ஆக்னஸின் மறைந்த குருதி ஒரு கதைமுடிவு மட்டுமன்று என்பது விளங்கும். காட்டவே கூடாத காதலை இறுதிச் சுருள்வரை காட்டுவதற்கு அது வழி செய்கிறது. பார்வையாளர் படம் நெடுகக் காண்பது கறுப்பின ஆடவனும் வெள்ளையினப் பெண்ணும் காதல் கொள்வதைத்தான். அது அவ்வாறன்று என்ற விளக்கம் இறுதியில் வருகிறது. சமரசம் என்று நாம் கண்ட உத்தி ஒருவகை உபாயமுமாகும். எனினும் புதினத்துக்கு அத்தகைய திரைத்தணிக்கை இல்லாத 1917லேயே அவர் இம்முடிவைத் தேர்ந்துவிட்டார் என்பதை மறத்தலாகாது. தடை வெளியில் மட்டுமன்றி ஆசிரியரின் உள்ளத்திலும் இருந்தது.

இறுதி ஆக்கங்கள்

1940களில் திரைத்தொழில் முடங்கியபோது மிஷோ மீண்டும் புதினத்துக்குத் திரும்பினார். ‘தி விண்ட் ஃப்ரம் நோவேர்’ (எங்கிருந்தோ வந்த காற்று) அதே டகோட்டா, அதே உழவன், அதே காதலியின் கதையே. அதனை ‘தி பிட்ரேயல்’ (துரோகம்) என்ற பெயரில் 1948இல் படமாக்கினார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அப்படம் நியூயார்க்கில் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி வீழ்ந்தது. அதுவும் இன்று கிடைக்கவில்லை. 1951 மார்ச் 25ஆம் நாள் வட கரோலினாவின் சார்லட் நகரில் அவர் இறந்தார்.

திறனாய்வாளர் நோக்குகள்

மிஷோவைப் பற்றிய மதிப்பீடுகள் இரு முனைகளில் நிற்கின்றன. ஜோசப் ஏ. யங் 1989இல் வெளியிட்ட நூலில், மிஷோவின் புதினங்கள் வெள்ளையினத்தாரின் இனக்கருத்துகளையே உள்வாங்கிக் கொண்டன என்று கடுமையாகச் சாடினார். 1938இல் வந்த ‘காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்’ படத்துக்கு நியூயார்க்கில் எழுந்த எதிர்ப்பும், வெளிர்நிறத்தவரையே தலைவன் தலைவியராகத் தேர்ந்தார் என்ற குறையும் இத்தரப்புக்கு வலுச்சேர்க்கின்றன. பேர்ல் பவுசர், லூயிஸ் ஸ்பென்ஸ் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வை மீளமீள எழுதி அவர் தம்மையே வரலாற்றுக்குள் பொறித்துக்கொண்டார் என்று விளக்கினர். அதே ஆண்டில் ஜே. ரொனால்டு கிரீன், அவர் படங்களின் கரடுமுரடான வடிவத்தை ஆலிவுட் அளவுகோலால் அளக்கலாகாது என வாதிட்டார்.

இவ்விரு தரப்பும் மிஷோவை ஒரே குரலுடையவராகக் கொள்கின்றன. ஆறு ஆக்கங்களை வரிசையாக வைத்து ‘விதின் அவர் கேட்ஸ்’ படத்துடன் ஒப்பிடும்போது இரு குரல்கள் கேட்கின்றன. பிறர் கதையைச் சொல்லும்போது அவர் துணிவு பெறுகிறார். தம் கதையைச் சொல்லும்போது தாம் இழந்ததைக் கற்பனையால் ஈடுசெய்துகொள்கிறார். நிலத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். அவர் திருத்திய நிலம் ரோஸ்பட் பகுதியைச் சார்ந்த லகோட்டா மக்களுடையதாக இருந்து 1904இல் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அம்மக்கள் அவர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை உணர்ந்த ஒருவர், தாம் நின்ற நிலத்தின் அநீதியைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவரவில்லை.

முடிவுரை

தன் கதையைத் தானே சொல்லும் உரிமை கிடைத்துவிட்டால் உண்மை தானாக வெளிப்படும் என்ற நம்பிக்கை ஒடுக்கப்பட்டோர் எழுத்தைப் பற்றிய பேச்சில் பரவலாக உள்ளது. அவ்வுரிமையை மிஷோ எவரிடமும் இரந்து பெறவில்லை. வீடுவீடாகச் சென்று விற்றும், நொடித்தும், மீண்டெழுந்தும் தாமே ஈட்டினார். அதற்காக அவர் பெறும் மதிப்பு சிறிதும் குறைதற்குரியதன்று. ஆயினும் உரிமை என்பது தொடக்கமே. எதனைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்கிறோம் என்ற வினாவை அது தீர்த்துவைப்பதில்லை. ஆசிரியர் பெயரின்றி வந்த முதல் நூலில், இன எல்லையின்முன் நின்று திரும்பிச்சென்ற இளைஞனின் இழப்பை அவர் உள்ளவாறே எழுதினார். பெயரும் நிறுவனமும் பெற்றபின் எழுதிய எதிலும் அவ்விழப்பு இழப்பாக நிற்கவில்லை. அவர் ஆக்கங்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்ட நிலையில், எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மதிப்பிடுவதைவிட ஒன்று மற்றொன்றை எவ்விடத்தில் திருத்துகிறது என்று நோக்குவதே பயனுடையது. அத்திருத்தங்களில்தான் அவர் காலத்தின் சட்டமும், அவர் அச்சமும், அவர் ஏக்கமும் ஒருங்கே பதிந்துள்ளன.